ராடார் பார்த்தது, யார் கேட்டார்கள்?

காலைச் சிற்றுண்டிக்கு அழைத்துப் போக வேண்டிய லாரி கொஞ்சம் தாமதமாக வந்தது. அதனால் ஒரு பெரிய தேசத்துக்கு ஐம்பத்து மூன்று நிமிஷம் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தது. அந்த ஐம்பத்து மூன்று நிமிஷத்தையும் அந்தத் தேசம் அப்படியே கைநழுவ விட்டுவிட்டது.

கதை போல் இருக்கிறதல்லவா, வாசகர்களே? கதையல்ல, நடந்தது.

1941-ஆம் வருஷம் டிசம்பர் 7-ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஒவாஹு. அதன் வடகோடியில் ஒபானா என்ற மேட்டில் அமெரிக்கத் தரைப்படையின் ராடார் வண்டி ஒன்று நின்றது. லாக்கார்ட், எலியட் என்ற இரண்டு இளம் சிப்பாய்கள் அதில் வேலை பார்த்தார்கள். காலை நாலு மணி முதல் ஏழு மணி வரைதான் அவர்கள் முறை. ஏழு அடித்ததும் கருவியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்க வேண்டும். லாரிதான் வந்தபாடில்லை. எலியட் புதியவர், வேலை பழக ஆசைப்பட்டார். "சரி, லாரி வரும் வரையில் ஓடட்டும்" என்று கருவியை நிறுத்தாமல் விட்டார்கள்.

7 மணி 2 நிமிஷம். திரையில் இருந்த ஒளிக்கோடு திடீரென்று மேலே எழும்பியது. கருவிதான் கெட்டுப் போய்விட்டதோ என்று லாக்கார்ட் சந்தேகப்பட்டார். அவ்வளவு பெரிய அடையாளத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை. கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை. வடக்கே 130 மைலுக்கு அப்பால் ஏராளமான விமானங்கள் தீவை நோக்கி வந்து கொண்டிருந்தன.

எலியட் டெலிபோனை எடுத்தார். ஷாஃப்டர் கோட்டையில் இருந்த தகவல் நிலையத்துக்குப் பேசினார். அங்கே பெரிய மேஜை ஒன்றின்மேல் தீவின் படம் விரித்திருக்கும். செய்தி வர வர அதன்மேல் அடையாளம் வைப்பார்கள். ஆனால் மணி ஏழு ஆகிவிட்டதால் அடையாளம் வைப்பவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் சிப்பாயும் கெர்மிட் டைலர் என்ற இளம் லெப்டினென்டும்தான் மிச்சம். டைலர் ஒரு விமானி. அந்த அறையில் அவருக்கு அதுதான் இரண்டாவது முறை. வேலை இன்னதென்று யாரும் அவருக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கவும் இல்லை.

டைலர் யோசித்தார். ஹானலூலு வானொலி இரவு முழுவதும் சங்கீதம் ஒலிபரப்பியதை அவர் வரும் வழியில் கேட்டிருந்தார். கலிபோர்னியாவிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் வரும்போது திசை கண்டுபிடிக்க வசதியாக வானொலி இப்படி விடிய விடியப் பாடுவது வழக்கம். 'அப்படியானால் நம் விமானங்கள்தான் வருகின்றன' என்று தீர்மானித்தார். கவலைப்பட வேண்டாம் என்று லாக்கார்டிடம் சொல்லிவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐம்பது விமானங்களுக்கு மேல் இருக்கும் என்று லாக்கார்டுக்குத் தோன்றியது. அந்த எண்ணிக்கையை அவர் டைலரிடம் சொல்லவில்லை. டைலர் எதிர்பார்த்தது கலிபோர்னியாவிலிருந்து வரும் குண்டுவீச்சு விமானங்களை. அது ரகசியம் என்பதால் அதை அவரும் லாக்கார்டிடம் சொல்லவில்லை. ஒருவர் வாயிலிருந்து ஓர் எண் வெளிவந்திருந்தால் போதும். வரவில்லை.

7.55-க்கு முதல் குண்டு விழுந்தது. இரண்டு அலைகளாக 353 ஜப்பானிய விமானங்கள் வந்தன. துறைமுகத்தில் நின்ற எட்டுப் பெரிய போர்க் கப்பல்களும் அடிபட்டன. அவற்றில் நான்கு மூழ்கின. 188 அமெரிக்க விமானங்கள் நாசமாயின. 2,403 அமெரிக்கர்கள் மாண்டார்கள். துறைமுகத்தின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை: பேர்ல் ஹார்பர்.

இரண்டு வீடு, ஒரே சுவர்

டைலர் ஒருவரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அன்று காலை நழுவிப் போனது அந்த ஒரு செய்தி மட்டும் அல்ல.

ஹவாயில் கடற்படைக்குத் தலைவர் அட்மிரல் கிம்மெல். தரைப்படைக்கும் அதன் விமானங்களுக்கும் தலைவர் ஜெனரல் ஷார்ட். இருவரும் விரோதிகள் அல்ல, மரியாதையாகப் பழகியவர்கள்தான். ஆனால் ஒரே சுவரை அடுத்த இரண்டு வீட்டுக்காரர்கள்போல் இருந்தார்கள். 'தெருக்கதவை அவர் பூட்டியிருப்பார்' என்று இவர் நினைத்தார். 'இவர் பூட்டியிருப்பார்' என்று அவர் நினைத்தார். கடற்படை விமானங்கள் தூரத்துக் கடலைச் சுற்றிப் பார்த்துக் கொண்டிருப்பதாக ஷார்டின் எண்ணம். தரைப்படையின் ராடார்கள் முழு மூச்சாக வேலை செய்வதாக கிம்மெலின் எண்ணம். இரண்டும் நடக்கவில்லை. உள்ளூரிலேயே சதிகாரர்கள் நாசவேலை செய்வார்களோ என்று ஷார்ட் பயந்தார். அதனால் காவல் காக்கச் சௌகரியமாக விமானங்களை நெருக்கமாக வரிசையாய் நிறுத்தி வைக்கச் செய்தார். குண்டு போட வந்தவனுக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

அன்று காலை 6.45-க்கு, அதாவது விமானங்கள் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே, துறைமுக வாயிலில் காவல் இருந்த 'வார்ட்' என்ற சிறு போர்க் கப்பல் ஒரு குட்டி நீர்மூழ்கியைக் கண்டு சுட்டு மூழ்கடித்தது. உடனே செய்தி அனுப்பியது. கடற்படை அலுவலகத்தில் அந்தச் செய்தி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், 'நிச்சயந்தானா, விசாரியுங்கள்' என்று நின்றது. அவர்கள் விசாரித்துக் கொண்டிருக்கும்போதே குண்டு விழத் தொடங்கிவிட்டது. தரைப்படைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் திருடன் என்று ஒருவருக்குத் தெரியும். கூரைமேல் ஏதோ சத்தம் என்று இன்னொருவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. தகவல் நிலையத்தில் கடற்படையின் சார்பில் உட்கார வேண்டிய உத்தியோகஸ்தரையே அதுவரை நியமிக்கவில்லை! ('வார்ட்' சொன்னது மெய்தான். அந்தக் குட்டி நீர்மூழ்கியை 2002-இல் கடலடியில் கண்டுபிடித்தார்கள். அதன் மேல்கூண்டில் குண்டு துளைத்த ஓட்டை இருந்தது.)

மூன்றாவது சமாசாரம் இன்னும் பரிதாபம். ஜப்பான் ஏதோ செய்யப் போகிறது என்று வாஷிங்டனில் தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷலுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஹவாய்க்கு எச்சரிக்கை எழுதினார். கடற்படைத் தலைவர் அட்மிரல் ஸ்டார்க், "எங்கள் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பலாமே" என்ற பொருளில் உதவ முன்வந்தார். மார்ஷல், தம் இலாகாவிலேயே சீக்கிரம் போய்விடும் என்று நம்பினார். அன்று பார்த்துத் தரைப்படையின் கம்பியில்லாத் தந்தி ஹானலூலுவுக்கு எட்டவில்லை. ஆகவே அதிகாரிகள் அதைச் சாதாரணத் தந்தியாகத் தனியார் கம்பெனியில் கொடுத்துவிட்டார்கள். மேலே 'அவசரம்' என்றுகூட ஒரு குறி இல்லை.

தந்தி 7.33-க்கு ஹானலூலு வந்தது. ஜப்பானிய வம்சத்தில் பிறந்த ஓர் அமெரிக்க இளைஞர் மோட்டார் சைக்கிளில் அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நடுவழியில் யுத்தமே குறுக்கிட்டது. பகல் 11.45-க்குக் கோட்டையில் கொடுத்தார். சங்கேதத்தைப் பிரித்து உரியவர் கையில் சேர்த்தபோது மணி மூன்று ஆகப் போகிறது. அதற்குள் எல்லாம் எரிந்து புகைந்து முடிந்திருந்தது.

கண் இருந்தது, காது இருந்தது, வாயும் இருந்தது. இவை மூன்றையும் சேர்த்து வைக்கும் நரம்புதான் இல்லை.

ஒரு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில்...

இதே ராடாரை வைத்துக்கொண்டு, 1940 கோடையில் பிரிட்டன் என்ன செய்தது என்று இப்போது பார்ப்போம்.

பிரான்ஸ் விழுந்துவிட்டது. ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரையில் ஜெர்மானிய விமானப் படை வந்து உட்கார்ந்துவிட்டது. கால்வாயைத் தாண்ட விமானத்துக்குச் சில நிமிஷங்கள் போதும். பிரிட்டிஷ் போர் விமானம் தரையிலிருந்து கிளம்பி இருபதாயிரம் அடி ஏறுவதற்கோ அதைவிட அதிக நேரம் ஆகும். நாள் முழுவதும் விமானங்களை ஆகாயத்தில் சுற்ற விட்டால் பெட்ரோலும் தீரும், விமானிகளும் ஓய்ந்து போவார்கள். எதிரி எங்கே, எவ்வளவு பேர், எந்த உயரத்தில் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் பிழைக்க முடியும்.

போர் விமானப் படையின் தலைவர் ஸர் ஹ்யூ டௌடிங். அதிகம் சிரிக்காதவர், 'உம்மணாமூஞ்சி' என்ற மாதிரி ஒரு செல்லப் பெயரும் அவருக்கு உண்டு. 1936-இல் பதவி ஏற்ற நாளிலிருந்து அவர் விமானங்களைப்பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு டெலிபோன் கம்பிகளைப்பற்றியும் கவலைப்பட்டார். யுத்தத்தை ஜெயிக்கக் கம்பி எதற்கு என்று கேட்டிருப்பவர்களும் உண்டு.

கடற்கரையோரம் 360 அடி உயர இரும்புக் கோபுரங்களுடன் ராடார் நிலையங்கள் எழுந்தன. அவை கடலைத்தான் பார்க்கும். விமானம் கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவற்றுக்குக் குருடு. உள்நாட்டைப் பார்க்க ஏறக்குறைய முப்பதாயிரம் தொண்டர்கள் இருந்தார்கள். கடைக்காரர், ஆசிரியர், தோட்டக்காரர் என்று எல்லோரும் சேர்ந்த கூட்டம். தொலைநோக்கியும் டெலிபோனும் வைத்துக்கொண்டு ஆயிரம் இடங்களில் முறை போட்டு வானத்தைப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் காதால் கேட்டுச் சொன்னார்கள்.

செய்திக்குக் குறைவில்லை. செய்தி அதிகமாக வந்ததுதான் தொல்லை!

ஒரே ஜெர்மன் கூட்டத்தை மூன்று ராடார் நிலையங்கள் பார்க்கும். ஒன்று 'இருபது விமானம்' என்னும். இன்னொன்று 'முப்பது' என்னும். மூன்றாவது ஐந்து மைல் தள்லி வேறோர் இடத்தைச் சொல்லும். மூன்றையும் அப்படியே நம்பினால் மூன்று படை வருவதாக அர்த்தம். மூன்று பக்கமும் விமானத்தை அனுப்பினால் நாலாவது பக்கம் காலி.

அதோடு நம்மவர் யார், எதிரி யார் என்ற குழப்பம் வேறு. யுத்தம் தொடங்கிய மூன்றாம் நாள், 1939 செப்டம்பர் 6-இல், எதிரி வருவதாக ஒரு தவறான செய்தி கிளம்பியது. அதைத் தேடப் போன சொந்த விமானங்களையே மேலும் எதிரிகள் என்று நினைத்து இன்னும் விமானங்களை ஏற்றினார்கள். முடிவில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தங்கள் பக்கத்து ஹரிகேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. ஓர் இளம் விமானி இறந்தார். அன்று ஆகாயத்தில் ஒரு ஜெர்மானியன்கூட இல்லை.

அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை ஓர் உயிர். பாடத்தை அவர்கள் மறக்கவில்லை.

காபிக்கு அல்ல, செய்திக்கு!

லண்டனுக்கு வடமேற்கே பென்ட்லி பிரையரி என்ற பழைய மாளிகையில் டௌடிங்கின் தலைமையகம் இருந்தது. அங்கே ஓர் அறை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபில்டர் ரூம்'. நம் வீட்டு அடுக்களையில் காபிக்கு இருக்கிறதே, அதே ஃபில்டர்தான். அங்கே வடிகட்டியது செய்தியை.

எல்லா ராடார் நிலையங்களிலிருந்தும் டெலிபோன் அந்த அறைக்குத்தான் வரும். பெரிய மேஜைப் படத்தைச் சுற்றிப் பெண்கள் துணை விமானப் படையைச் சேர்ந்த யுவதிகள் காதுக் குழாயை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். வருகிற ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வில்லையைப் படத்தில் வைப்பார்கள். ராடார் தூரத்தைச் சரியாகச் சொல்லும்; திசையில் தப்புச் செய்யும். ஆகவே இரண்டு நிலையங்கள் சொன்ன தூரங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் எதுவோ அதுதான் மெய்யான இடம் என்று வடிகட்டும் உத்தியோகஸ்தர் கண நேரத்தில் முடிவு செய்வார். மூன்று செய்தியை ஒன்றாக்கி, அதற்கு ஒரு நம்பர் கொடுத்து, எதிரியா, நம்மவரா, இன்னும் தெரியாதா என்று முத்திரை போட்டுவிடுவார்.

முத்திரை விழுந்த செய்தி மட்டுந்தான் அறையை விட்டு வெளியே போகும். மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதை டெலிபோனில் வாசிப்பார். அதே விநாடியில் தலைமையகத்திலும், பிராந்திய நிலையத்திலும், விமானத் தளங்களிலும் இருக்கும் மேஜைகளில் ஒரே படம் உருவாகும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்ற பேச்சே இல்லை.

இன்னொரு தந்திரம் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகத்தில் ஐந்தைந்து நிமிஷத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வர்ணம் தீட்டியிருக்கும். நிமிஷ முள் எந்த வர்ணத்தில் இருக்கிறதோ அந்த வர்ண வில்லையைத்தான் படத்தில் வைக்க வேண்டும். முள் நீலத்துக்கு வந்த பிறகும் படத்தில் சிவப்பு வில்லை கிடந்தால், 'இது பழைய செய்தி, நம்பாதே' என்று அர்த்தம், எடுத்துவிடுவார்கள். நேற்றுக் கறந்த பாலையும் இன்று கறந்த பாலையும் நம் வீட்டுப் பெண்கள் ஒரே பாத்திரத்தில் ஊற்றுவார்களா? செய்திக்கும் புளிக்கும் குணம் உண்டு என்பதை அந்தக் கடிகாரத்தைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம்மவரை அடையாளம் காணவும் வழி கண்டார்கள். போர் விமானத்தின் வானொலிக் கருவி நிமிஷத்துக்குப் பதினாலு விநாடி தானாகவே ஓர் ஒலி அனுப்பும். அதைக் கேட்டுத் தரையில் இருப்பவர்கள், 'இவன் நம் பிள்ளை, இங்கே இருக்கிறான்' என்று குறித்துக் கொள்வார்கள்.

சரி, இதில் யார் யார் சேர்ந்திருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விமானங்கள் விமானப் படையைச் சேர்ந்தவை. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் தரைப்படையைச் சேர்ந்தவை. அவற்றின் தலைவர் ஜெனரல் பைல். வானத்தைப் பார்த்தவர்கள் ஊர்த் தொண்டர்கள். கம்பி போட்டதும், குண்டு விழுந்து அறுந்தபோது ஒட்டியதும் தபால் இலாகா. பீரங்கிப் படையின் பிரதிநிதி விமானப் படையின் அறையிலேயே உட்கார்ந்து அதே மேஜையைப் பார்த்தார். ஊரில் அபாயச் சங்கு ஊதுவதற்கும் அங்கிருந்துதான் செய்தி போயிற்று. உடுப்பு நாலு விதம்; மேஜை ஒன்று.

யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கும் கணக்கு இருந்தது. எந்தப் பிரிவை அனுப்புவது என்பதைப் பிராந்தியத் தளபதி தீர்மானிப்பார். அந்தப் பிரிவுக்கு வழி சொல்லுவது விமானத் தளத்தின் வேலை. ஆகாயத்தில் இருக்கும் விமானிக்கு இந்தக் கூட்டலும் கழித்தலும் ஒன்றும் தெரிய வேண்டாம். 'இந்தத் திசை, இந்த உயரம்' என்ற இரண்டே விஷயம் அவன் காதில் விழும், அது போதும்.

அசையாத பெண்கள்

இவ்வளவும் மேஜையும் கம்பியும்தானே, இதில் வீரம் எங்கே என்கிறீர்களா?

ஆகஸ்டு கடைசியில் ஜெர்மானியர் விமானத் தளங்களைக் குறி வைத்தார்கள். லண்டனுக்குத் தெற்கே பிகின் ஹில் தளத்தின்மேல் மீண்டும் மீண்டும் குண்டு பொழிந்தது. அங்கே டெலிபோனில் இருந்த பெண்கள் ஓடவில்லை. கம்பி அறுந்தால் விமானங்களுக்குக் கண் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். கட்டடம் அடிபட்ட பிறகும் ஹெலன் டர்னர், எல்ஸ்பெத் ஹென்டர்சன் என்ற இருவரும் இருந்த இடத்தை விட்டு அசையாமல் இணைப்புக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். ஜோன் மார்ட்டிமர் என்ற இன்னொருவர் குண்டுவீச்சின் நடுவே தம் டெலிபோன் வேலையை விடாமல் செய்தார். பின்பு வெளியே வந்து, வெடிக்காத குண்டுகள் புதைந்திருந்த இடங்களில் சிவப்புக் கொடி நட்டார். மூவருக்கும் யுத்தகளத்தில் வீரம் காட்டியதற்கான ராணுவப் பதக்கம் கிடைத்தது.

தளத்தில் இருக்க முடியாமல் போனபோது வேலையைக் கிராமத்துக் கடையொன்றுக்கு மாற்றினார்கள். அறை போனாலும் மேஜை போகக்கூடாது!

செப்டம்பர் 15-ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அக்ஸ்பிரிட்ஜில் தரைக்குக் கீழே அறுபது அடி ஆழத்தில் இருந்த பிராந்திய நிலையத்துக்குப் பிரதம மந்திரி சர்ச்சில் மனைவியுடன் வந்து மாடத்தில் உட்கார்ந்தார். தளபதி கீத் பார்க் கீழே மேஜையைப் பார்த்தபடி நடந்து கொண்டிருந்தார். ஒவ்வொரு பிரிவும் போரில் இறங்க இறங்கச் சுவரில் சிவப்பு விளக்கு எரியும். ஒவ்வொன்றாக எரிந்து எல்லாமே சிவப்பாகிவிட்டன. இனி மிச்சம் என்ன இருக்கிறது என்று சர்ச்சில் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் பார்க்.

கடைசி விமானம் வரையில் அனுப்பிவிட ஒரு தளபதிக்கு எப்படித் துணிச்சல் வந்தது? காட்டுவதை நம்பலாம் என்ற ஒரு மேஜை அவர்முன் இருந்தது. ஜெர்மானியரின் இன்னோர் அலை அப்போது வரவில்லை; சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். செய்தி பெருகியபோது ஃபில்டர் ரூம் திணறியது உண்டு. எத்தனை பிரிவுகளைச் சேர்த்து அனுப்புவது என்று பார்க்குக்கும் பக்கத்துப் பிராந்தியத் தளபதி லீ-மல்லரிக்கும் மனஸ்தாபம் முற்றியது. ஆனால் எதிரி எங்கே இருக்கிறான் என்பதில் அவர்களுக்குள் சண்டை வரவில்லை. இருவரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டுதான் சண்டை போட்டார்கள்.

நம் பக்கத்தில்

அமெரிக்கா, இங்கிலாந்து என்று எங்கேயோ நடந்ததாக நினைக்க வேண்டாம். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோ நான்கே மாதத்தில் நம் பக்கம் வந்தார்.

1942 ஏப்ரல் 4-ஆந் தேதி. இலங்கையில் கொக்கலவிலிருந்து புறப்பட்ட ஒரு கடல் விமானம் தெற்கே வெகு தூரத்தில் ஜப்பானியக் கப்பல் படையைக் கண்டது. விமானி லெனர்ட் பர்ச்சல், கானடாக்காரர். தப்பி ஓடுவதற்குமுன் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தார். செய்தி போயிற்று, விமானம் சுடப்பட்டு விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்து, யுத்தம் முடியும்வரை ஜப்பானியர் கையில் கைதிகளாக இருந்தார்கள்.

அந்தச் செய்தியினால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறித் தப்பின. ஆனால் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், விமானங்கள் நெருங்கி வந்தபோது ராடாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. ரத்மலானைத் தளத்தில் ஹரிகேன் விமானங்கள் குண்டு விழும்போதுதான் எழும்பின. கொழும்பை நோக்கி வந்த ஆறு கடற்படை விமானங்கள் ஜப்பானியரிடம் நேராகப் போய்ச் சிக்கி வீழ்ந்தன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் ராடார் முன்கூட்டியே சொல்லிவிட்டது. போர் விமானங்கள் ஆகாயத்தில் காத்திருந்தன. ஆனால் அதே நாள் மட்டக்களப்புக்கு அருகே 'ஹெர்மிஸ்' என்ற விமானந் தாங்கிக் கப்பல் அடிபட்டபோது, அதைக் காக்க விமானங்கள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. முந்நூறு பேருக்குமேல் அதோடு போனார்கள். ஐந்தே நாளில், ஒரே தீவில், செய்தி சேர்ந்த இடத்தில் உயிர் தப்பியது; சேராத இடத்தில் போயிற்று.

அந்த வாரந்தான் சென்னைப் பட்டணமும் காலியாயிற்று. ஜப்பானியர் கரையில் இறங்கப் போகிறார்கள் என்ற தகவலின்பேரில் சர்க்கார் அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. ஜனங்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'எவாக்குவேஷன்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜப்பானியப் படை எதுவும் வந்து இறங்கவில்லை. வடிகட்டாத செய்தியால் ஒரு நகரத்தையே காலி செய்துவிட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

யுத்தமும் கருவியும் மாறினாலும் இந்தச் சங்கடம் மாறவில்லை. 1999-இல் கார்கில் யுத்தம் முடிந்ததும் அதை ஆராய இந்திய சர்க்கார் ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். தகவல் சேகரிக்கும் இலாகாக்கள் பல இருந்தும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு போதவில்லை என்பது அந்தக் குழு சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று. அதன் பிறகு மூன்று படைகளுக்கும் பொதுவான ராணுவத் தகவல் அமைப்பு 2002-இல் ஏற்பட்டது. மூன்று படைகளையும் இணைக்க ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்ற யோசனை 2020 ஜனவரி 1-ஆந் தேதி ஜெனரல் பிபின் ராவத் பதவி ஏற்றபோது நிறைவேறியது.

கடைசியாக ஒன்று

அக்ஸ்பிரிட்ஜ் பாதாள அறையை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். எழுபத்தாறு படி இறங்க வேண்டும். மேஜை இருக்கிறது, வர்ணக் கடிகாரம் இருக்கிறது. பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. நாலு விதமான மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒளிக்காமல், மிகைப்படுத்தாமல், தாமதிக்காமல் ஒரே மேஜையில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒபானா மேட்டுச் சிப்பாய்கள் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 7.39 வரையில் அவர்கள் அந்த விமானங்களைத் திரையில் தொடர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மலை மறைத்துவிட்டது. அந்தச் சமயத்தில் லாரியும் வந்து சேர்ந்தது. கருவியை நிறுத்திப் பூட்டிவிட்டு, இரண்டு பேரும் சிற்றுண்டி சாப்பிடப் புறப்பட்டார்கள்.

அவர்கள் மேல் தப்பு இல்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டார்களே!